பதினாறில் ஆறு

அத்தியாயம் ஒன்பது

இன்னும் நாற்பத்தாறு மணி நேரம் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. வியாழன் காலை எட்டுக்கு அப்பாவுக்கு அறுவை சிகிச்சை. நாளை மாலை ஐந்துக்குள் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டும். ஆக, வீட்டில் எங்களுக்கு மிச்சம் இருந்தது முப்பத்தொரு மணி நேரம்.

நான் லேபுக்கு லீவு சொல்லிவிட்டு, மாடிப்படிக்கு அடியில், செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே பெட்டி.

பெட்டி என்றால் அண்ணன் செய்த பெட்டி. அவனுக்குக் கேமரா மாட்டும் தொழில், கூடவே கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. மூன்று வருடத்துக்கு முன் நான்கு டிஸ்குகளைப் போட்டு இதைக் கட்டிக் கொண்டுவந்து வைத்தான். வீட்டில் எடுக்கிற போட்டோ, வீடியோ எல்லாம் தானாக இதில் போய்ச் சேரும். படிக்கு அடியில் வேறு இடம் இல்லாததால் செருப்புகளோடு வைத்தான். அதன் விசிறி மூன்று வருடமாக எங்கள் வீட்டுச் செருப்புகளைத்தான் முகர்ந்துகொண்டிருந்தது. பக்கத்து மூடியைக் கழற்றியதும் வந்த வாடையை எழுதாமல் விடுகிறேன். உள்ளே தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. அதற்குள் முடி, நகத்துண்டு, கரப்பான் பூச்சியின் கால்கள். கால்கள் மட்டும்.

பதினோரு நாளுக்கு முன் ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் அண்ணனிடமும் என்னிடமும் விஷயத்தைச் சொன்னார். வெறும் கட்டியை எடுத்தால் போதாது, குரல்வளையையே முழுதாக எடுக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து இல்லை. ஆனால் குரல் போய்விடும். அவரிடம் நீங்கள் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள் என்றார்.

அண்ணன் தலையாட்டினான். வீட்டுக்கு வந்து அப்பாவிடம், சின்னக் கட்டிதான், எடுத்துவிட்டால் கரகரப்பு போய்விடும் என்றான். சம்மதப் படிவத்தை அப்பா கண்ணாடி போடாத நேரம் பார்த்து நீட்டினான். மறுநாள் டாக்டர் கேட்டபோது, எல்லாம் சொல்லியாகிவிட்டது, அப்பா தைரியமாக இருக்கிறார் என்றான். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு "சின்னக் கட்டிதான்ப்பா" என்று நானும் நாலைந்து முறை சொல்லியிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் குரல் மையம் என்று ஓர் அறை இருந்தது. அங்கே வேலை பார்த்த ஓர் அம்மாள் எனக்கு ஒரு வாக்கியப் பட்டியல் கொடுத்தார். சிகிச்சைக்கு முன் இவற்றை அப்பா படித்துப் பதிந்துவிட்டால், பிறகு அவர் போனில் தட்டுவதை அவருடைய குரலிலேயே பேச வைக்கலாம். அதே தடுமாற்றம், அதே இழுவை. புதன்கிழமை சேர்க்க வரும்போது பதிவுகளை இரைச்சல் நீக்கிச் சுத்தம் செய்து, ஒரே ஒலி அளவுக்குக் கொண்டுவந்து தர வேண்டும்.

அப்பா டிரைவிங் ஸ்கூல் ஆசிரியர். இருபத்தாறு வருடமாக ஓட்டத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதுதான் அவருடைய தொழில். அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு என்றாலும் அதை மிதிப்பது கௌரவக் குறைச்சல் என்று நினைப்பார். வாயாலேயே வண்டியை நிறுத்துவார். மாணவர்கள் வைத்த பெயர் பிரேக் மாஸ்டர்.

அவரிடம் இது ஆஸ்பத்திரியின் தொண்டைப் பரிசோதனை என்று சொன்னோம். ஆயிரத்து இருநூறு வாக்கியம். பதினோரு நாள். எல்லா எழுத்தும் வர வேண்டும் என்பதற்காக யாரோ உட்கார்ந்து எழுதிய வாக்கியங்கள். "பச்சைக் குடைக்குள் பதினேழு வாத்துகள் ஒளிந்துகொண்டன" என்று படித்துவிட்டு அப்பா என்னைப் பார்த்து, "இத எழுதுனவனுக்குத்தான் முதல்ல ஆபரேஷன் பண்ணணும்" என்றார். படித்தார். இருமினார். மூடி போட்ட கிண்ணத்தில் துப்பினார். மறுபடி படித்தார். எல்லாம் நேராகப் பெட்டியில் பதிந்தன. நேற்று மாலை ஆயிரத்து இருநூறாவது வாக்கியம் முடிந்தது.

நேற்று இரவு சுத்தம் செய்யும் வேலையை ஆரம்பித்தேன். பெட்டி பாதியில் நின்றுவிட்டது. மூன்று முறை ஆரம்பித்தேன், மூன்று முறையும் நின்றது. மெமரி போதவில்லை என்றது; டிஸ்க் இல்லை, வேலை நடக்கும்போது கோப்புகளைத் தற்காலிகமாக எடுத்து வைத்துக்கொள்கிற ரேம். அந்த வேலைக்குக் குறைந்தது பன்னிரண்டு ஜிபி வேண்டும். பெட்டியில் பதினாறு இருப்பதாக அண்ணன் மூடியிலேயே எழுதி ஒட்டியிருக்கிறான். ஆனால் பெட்டி காட்டியது ஆறு.

பதினாறில் ஆறு.

அதனால்தான் இந்தச் செருப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். மாடியிலிருந்து சின்னத் திரை ஒன்றையும் கீபோர்டையும் கொண்டுவந்து பெட்டியோடு இணைத்தேன். ஆன் செய்தவுடன் விடாமல் டெலிட் பட்டனைத் தட்டினால் பெட்டியின் ஆரம்ப அமைப்புகள் வரும். நீலத் திரை. அங்கே பதினாறு என்று சரியாகவே காட்டியது. அப்படியென்றால் இரண்டு மெமரி கார்டும் அதற்குத் தெரிகிறது. அதன் பிறகு பெட்டி முழுதாக எழுந்திருக்கும்போது எங்கேயோ பத்து காணாமல் போகிறது.

எழுந்திருக்கும்போது படிக்கிற வரிகள் ஒரு கோப்பில் இருக்கும். அதைத் திறந்தேன். நீளமான வரியின் கடைசியில் அது இருந்தது. ஆறுக்கு மேல் தொடாதே என்ற கட்டளை. தானாக வருகிற வரி இல்லை, யாரோ கையால் சேர்த்தது.

அண்ணனுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். வெட்டிவிட்டு, "ஏணி மேல. அப்புறம்" என்று செய்தி அனுப்பினான்.

நான் தண்ணீர்ப் பரிசோதனை லேபில் வேலை செய்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் நான் சொல்லித் தருவது ஒன்றுதான். ஒரு கருவியில் யாராவது வரம்பு வைத்திருந்தால், ஏன் என்று கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

நான் காத்திருக்கவில்லை. அந்தக் கட்டளையை அழித்தேன். பெட்டியை அணைத்து எழுப்பினேன்.

பதினாறு.

எனக்கு நானே முதுகில் தட்டிக்கொள்ளாத குறை.

அதோடு விட்டிருக்கலாம். நேராகச் சுத்தம் செய்யும் வேலையை ஓட்டியிருந்தால் நின்றோ தப்பாகவோ போயிருக்கும், மூலப் பதிவுகளாவது மிஞ்சியிருக்கும். ஆனால் லேப் பழக்கம். முக்கியமான வேலைக்கு முன் கருவியைச் சரிபார்க்காமல் எங்களுக்குக் கை வராது. பெட்டியில் முழுச் சரிபார்ப்பு என்று ஒன்று உண்டு. எல்லாக் கோப்புகளையும் ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்து, தவறு இருந்தால் தானே திருத்தி எழுதும். வருடத்துக்கு ஒரு தடவை ஓட்டுவது நல்லது என்று அண்ணன் சொல்லியிருக்கிறான். அவன் ஓட்டியதே இல்லை என்பது அதன் பட்டியலைத் திறந்தபோதுதான் தெரிந்தது.

ஓட்டினேன். பதிவுகள் இருக்கும் பகுதிக்கு மட்டும் இரண்டு மணி நேரம் ஆகும் என்றது.

அந்த இரண்டு மணி நேரத்தில் அப்பாவுக்கு சூப் கொடுத்தேன். முழுங்கும்போது கண்ணை மூடிக்கொண்டார். அவர் துப்பும் கிண்ணத்தைக் கழுவ எடுத்தேன். மூடியைத் திறந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், பெற்ற அப்பாதான் என்றாலும். சளியில் சிவப்பு இழை ஓடியிருந்தது. கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். நான்காவது தடவை கழுவப் போனவள் என்னையே பார்த்து அருவருத்து நிறுத்தினேன்.

அப்பா போனில் பேசிக்கொண்டிருந்தார். இந்த மாதக் கடைசியில் லைசென்ஸ் டெஸ்டுக்குப் போகிற ஒரு மாணவி. கிளட்சை விடும்போது குதிகாலைத் தரையில் ஊன்றச் சொன்னார். வளைவில் கண்ணாடியைப் பார்க்க மறப்பது அந்தப் பெண்ணின் வியாதி என்றார். "பத்து நாள்ல வந்துடுவேன். டெஸ்ட் அன்னிக்கு நானே பக்கத்துல உட்காருவேன். இந்தக் கரகர எல்லாம் இருக்காது, பயப்படாத" என்றார். அந்தப் பக்கம் அவள் என்னவோ கேட்டாள். அப்பா சிரிக்கப் போய் இருமினார்.

நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.

பன்னிரண்டரைக்குச் சரிபார்ப்பு முடிந்தது. திருத்தப்பட்ட கோப்புகள் எத்தனை என்று கடைசி வரியில் இருந்தது. ஆயிரத்து நூற்று ஆறு.

பூஜ்ஜியம் இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். மிஞ்சினால் ஒன்றிரண்டு.

முதல் பதிவைத் திறந்து ஹெட்போனை மாட்டினேன். "பச்சைக்" என்று ஆரம்பித்தது. அதன் பிறகு கரண்டியால் பாத்திரத்தைச் சுரண்டுகிற சத்தம். நடுவில் "வாத்து". மறுபடி சுரண்டல். அடுத்ததில் அப்பாவின் குரல் தொடங்கும் ஒவ்வொரு இடத்திலும் யாரோ காறுவது போல இருந்தது. பத்தாவதில் குரலே இல்லை, கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம் மட்டும். ஐம்பது கோப்புகள் கேட்டேன். ஹெட்போனைக் கழற்றிச் செருப்புகளின் மேல் வைத்தேன்.

போனில் ஒரு காப்பி வைத்துக்கொள்ளட்டுமா என்று முதல் நாளே அண்ணனிடம் கேட்டிருந்தேன். சிரித்தான். எல்லாமே இரண்டு டிஸ்கில் இரண்டு காப்பியாக இருக்கும்போது போன் எதற்கு என்றான். இரண்டு காப்பி இருந்தது உண்மைதான். இரண்டையும் திறந்தேன். இரண்டிலும் ஒரே சுரண்டல். திருத்துகிற கை கெட்டுப்போனால் எத்தனை நோட்டில் எழுதி வைத்தும் பிரயோஜனம் இல்லை.

கெட்டது எந்தக் கை என்று பார்க்க வேண்டும். மறுபடி அணைத்து, நீலத் திரைக்குப் போய், மெமரி சோதனையை ஓட்டினேன். ஆறு தாண்டியது. ஏழு, எட்டு. ஒன்பதில் ஒரு சிவப்பு வரி வந்தது. பிறகு திரை முழுவதும் சிவப்பு.

அந்த வரம்பை வைத்தவனுக்கு ஒன்பதில் குழி இருப்பது தெரிந்திருக்கிறது. அதனால்தான் ஆறிலேயே நிறுத்தியிருக்கிறான்.

இரண்டு கார்டுகளையும் உருவினேன். ஒன்று சுத்தமாக இருந்தது. இன்னொன்றில் எண்ணெய்க் கை பட்ட விரல் ரேகை, அதன் மேல் ஒட்டிய தூசி, ஓரத்தில் சின்ன வெள்ளை ஸ்டிக்கர். ஸ்டிக்கரில் அண்ணனின் கையெழுத்து. "ரிட்டர்ன்."

அதைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

அண்ணன் கடை பதினைந்து நிமிட நடை. கண்ணாடி கவுண்டர், அதற்குள் கேமராக்கள், பின்னால் பற்றவைக்கும் மேஜை. சூடான ஈயத்தின் வாசனை. அவன் ஏணியிலிருந்து இறங்கி வந்து பன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அண்ணி பில் போடும் இடத்தில் உட்கார்ந்திருந்தார். காகிதத்தைப் பிரித்துக் கவுண்டரில் வைத்தேன்.

அவன் அதைப் பார்த்தான். பிறகு பன்னைப் பார்த்தான். இன்னொரு கடி கடித்தான்.

"அந்த லைன எடுத்துட்டியா?" என்றான்.

அவன் முதலில் கேட்டது அதுதான். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை.

கேட்டுக் கேட்டு விஷயத்தை வாங்கினேன். போன வருடம் ஒரு வக்கீல் ஆபீஸ் கம்ப்யூட்டர் தினம் ஒரு தடவை நின்றுபோனது. வக்கீல் கடைக்கே வந்து சத்தம் போட்டார். மெமரி கார்டு கெட்டிருந்தது. கடையில் அந்த நேரம் அதே வகை இல்லை. வீட்டுப் பெட்டியில் இருந்தது. அதை உருவி வக்கீலுக்குப் போட்டான். வக்கீலின் கெட்ட கார்டை வீட்டுப் பெட்டியில் சொருகினான். காலியாக விட்டால் நான் பார்த்துவிட்டுக் கேட்பேன் என்பதற்காக. கெட்ட பகுதியைத் தொடாமல் இருக்க ஆறில் வரம்பு வைத்தான்.

"ஃபோட்டோ வைக்கறதுக்கு ஆறு தாராளம். ஒரு வருஷமா ஓடலையா? எந்தப் பிரச்சினையும் வரலையே" என்றான். "எங்க தொழில்ல எல்லாரும் பண்றதுதான். வீட்டு மெஷின்தான் ஸ்பேர் டப்பா."

அண்ணி பில் புத்தகத்தை மூடினார்.

"இவரு வீட்டுக்குக் கொண்டுவர்றது எல்லாமே எங்கேயோ யாரோ வேண்டாம்னு சொன்னதுதான்" என்றார் என்னிடம். "காலிங் பெல் நமக்குப் புரியாத பாஷையில பேசுது. வாசல் கேமரால யார் வந்தாலும் ஆவி மாதிரி தெரியறாங்க. நான் ஒருத்திதான் புதுசா வந்தேன்னு நெனச்சுட்டு இருந்தேன்."

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நீ பயந்துடுவ. அதத் தொடாத இதத் தொடாதன்னு ஆரம்பிப்ப. நான் பாத்துக்கலாம்னு விட்டேன்."

இதே வார்த்தைகளை ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்டிருந்தேன். சொன்னா பயந்துடுவார், நான் பாத்துக்கறேன். அவன் உதட்டோரத்தில் பன் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். சின்ன வயதில் எனக்கு சைக்கிள் பழக்கியவன். அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் இப்படி ஒரு குமட்டல் எனக்கு வரும் என்று நினைத்ததில்லை.

ஆயிரத்து நூற்று ஆறு பதிவுகள் போய்விட்டன என்றேன். மிச்சம் தொண்ணூற்று நான்கு.

அப்போதுதான் பன்னைக் கீழே வைத்தான். மேஜை டிராயரைத் திறந்தான். கலைத்தான். புத்தம் புது மெமரி கார்டுகள் இரண்டை உறையோடு எடுத்துக் கவுண்டரில் வைத்தான். பத்து நொடி ஆகியிருக்கும்.

"இது எப்போலேருந்து இங்க இருக்கு?" என்று அண்ணி கேட்டார்.

அண்ணி எழுந்து ஷட்டரைப் பாதி இறக்கினார்.

திரும்பும் வழியில் குரல் மையத்து அம்மாளுக்குப் போன் செய்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். ஆயிரத்து இருநூறு இல்லாவிட்டாலும் போகிறது, சுத்தமான முந்நூற்றைம்பது இருந்தால் ஓரளவு அவர் குரல் வந்துவிடும் என்றார். அதற்குக் கீழே போனால் யாருடைய குரலோ மாதிரிதான் இருக்கும். இன்று மாலையும் நாளை பகலும் இருக்கின்றன, ஓய்வு கொடுத்துக் கொடுத்துப் படிக்க வையுங்கள் என்றார்.

"கஷ்டம்தான். ஆனா அவருக்குத்தான் விஷயம் தெரியுமே, கண்டிப்பா படிச்சிடுவார். இங்க வர்ற எல்லாரும் கடைசி நாள் அப்படித்தான் படிப்பாங்க" என்றார்.

தேங்க்ஸ் சொல்லி வைத்துவிட்டேன்.

மூன்றரைக்குள் பெட்டி தயார். இரண்டு புதுக் கார்டு. மெமரி சோதனையை ஒன்றரை மணி நேரம் ஓட்டினேன், ஒரு சிவப்பு வரிகூட வரவில்லை. வரம்பு எதுவும் இல்லை. முழுப் பதினாறும் திறந்து கிடந்தது. அதில் போட்டு வைக்கத்தான் ஒன்றும் இல்லை. மைக்கை இந்தத் தடவை என் போனோடும் இணைத்தேன். தொண்ணூற்று நான்கு இருக்கிறது, இன்னும் இருநூற்று ஐம்பத்தாறு வேண்டும். அப்பாவால் ஒரு மணி நேரத்தில் முப்பது படிக்க முடியும், அதற்கு மேல் இருமல் விடாது. இன்று மூன்று மணி நேரம், நாளை ஆறு மணி நேரம். நூலிழையில் வரும்.

அண்ணனும் அண்ணியும் ஐந்தேகாலுக்கு வந்தார்கள். அண்ணன் வழியிலேயே ஒரு யோசனை செய்து வைத்திருந்தான். ஆஸ்பத்திரியில் பரிசோதனையைத் தொலைத்துவிட்டார்கள் என்று சொல்லிவிடலாம். அப்பா இரண்டு திட்டுத் திட்டிவிட்டுப் படித்துவிடுவார். அவ்வளவுதான் விஷயம்.

"இன்னொண்ணா?" என்றார் அண்ணி.

"வேற என்ன பண்ண? நாளைக்கு அட்மிஷன். இப்பப் போயி அவர்கிட்ட என்னன்னு சொல்றது?"

அண்ணி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். எனக்குச் சத்தமாகப் பேச வராது. லேபில்கூட முடிவை எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். இத்தனை வருடமாக இந்த வீட்டில் எனக்குப் பதிலாக அண்ணன்தான் பேசி வந்திருக்கிறான். அது எனக்கு வசதியாகவும் இருந்தது. அவனை மட்டும் பார்த்துக் குமட்டுவதில் நியாயம் இல்லை.

மூன்று பேரும் அப்பாவின் அறைக்குப் போனோம். ஜன்னல் ஓரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கிண்ணத்தின் மூடி சரியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். கழுத்தில் துண்டு. மடியில் மாணவர்களின் நேரப் பட்டியல், அடுத்த மாதத்துக்கானது. பென்சிலால் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தார்.

அண்ணன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஆரம்பித்தான். ஆஸ்பத்திரியில் பதிவைத் தொலைத்துவிட்டார்கள் என்றான். கம்ப்யூட்டர் கோளாறாம் என்றான். கொஞ்சம் மட்டும் மறுபடி படித்தால் போதுமாம் என்றான். அவன் குரலில் தடுமாற்றமே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அப்பா கடைசிவரை கேட்டார்.

"தொலைச்சவன் யாரு? நானா? அவனையே வந்து படிக்கச் சொல்லு. வாத்து, குடை எல்லாம் அவனுக்குத்தான் தெரியும்."

"அப்பா, இருநூத்தம்பதுதான்."

"முடியலடா." தொண்டையைத் தொட்டுக் காட்டினார். "நேத்து கடைசி நூறு படிக்கும்போது உள்ள பிளேடு வச்ச மாதிரி இருந்துச்சு. பாப்பா கேட்டாளேன்னுதான் படிச்சேன்."

பாப்பா நான்தான்.

அண்ணன் இன்னும் ஏதேதோ சொன்னான். பரிசோதனை இல்லாமல் டாக்டர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்றான். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். அவர் கோபமாகவே இல்லை. களைப்பாக இருந்தார், அவ்வளவுதான். எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, நாங்கள் வருத்தப்படுகிறோம் என்று நினைத்துக்கொண்டு, சமாதானம் சொல்கிற மாதிரி சொன்னார்.

"இப்ப என்ன அவசரம்? ஆபரேஷன் முடியட்டும். குரல் நல்லா ஆயிடும். அப்ப ஒரே மூச்சுல உட்கார்ந்து ஆயிரத்து இருநூறையும் படிச்சுத் தரேன். கேக்கறதுக்கும் நல்லா இருக்கும்."

அண்ணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

அண்ணன் தலையாட்டினான்.

"சரிப்பா" என்றான். "அப்படியே பண்ணிடலாம்."

எழுந்தும் விட்டான். முடிந்துபோன விஷயம் போல என் தோளைத் தட்டி, வா, வெளியே பேசிக்கொள்ளலாம் என்று கண்ணைக் காட்டினான். அவன் கை பட்ட இடத்தை நான் துடைத்துக்கொண்டேன். அவன் பார்த்தான். அண்ணியும் பார்த்தார்.

அப்பா பென்சிலை எடுத்துக்கொண்டார். பட்டியலில் அடுத்த பெயரை எழுதப் போனார்.

நான் போய் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். "வேண்டாம்" என்றான் அண்ணன் பின்னாலிருந்து. இரண்டாவது தடவை சத்தமாகச் சொன்னான். அண்ணி அவன் கையைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை.

"என்ன பாப்பா?" என்றார் அப்பா.

என்னுடைய குரல் எங்கேயோ கீழே இருந்து வந்தது. ஆனால் வந்தது.

"அப்பா, கட்டிய மட்டும் எடுக்கலப்பா. குரல்வளையையே எடுக்கறாங்க. வியாழக்கிழமைக்கு அப்புறம் உங்களுக்குப் பேச வராது."